குடிநீர் ஆதாரம்

அருமனை தாண்டி ஆட்டோ நின்ற இடத்திலிருந்து
ரப்பர் நிழலுக்குள் கால் மணி நேர நடை.
தோளில் எடைக்கருவி, உயரம் அளக்கும் பலகை,
பையில் ஊசி, பஞ்சு, கழுத்தில் அடையாள அட்டை.
பதினேழாம் எண் வீடு.
இரண்டு முறை பூட்டிக் கிடந்தது.
பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ள அனுமதியில்லை.
குலுக்கலில் விழுந்த வீடு விழுந்ததுதான்.

இன்று ஷைலின் இருந்தாள். வயது முப்பத்தொன்று,
பன்னிரண்டாம் வகுப்பு, சொந்தக் கைப்பேசி உண்டு.
மரச்சீனி உரித்த கையை நைட்டியில் துடைத்தபடி
"கேளுங்கக்கா" என்றாள்.

பிள்ளைகள் இரண்டும் ஆஸ்பத்திரியில் பிறந்ததா? ஓ.
தடுப்பூசி அட்டை?
வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள்,
ஒரு கட்டம் விடுபடவில்லை.
கக்கூஸ், காஸ் அடுப்பு, பிரிட்ஜ்,
மீன் தினமும்.
எங்கள் மாவட்டத்துக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது.
ஆம், ஆம், ஆம் என்று
வழுக்கிக்கொண்டே போகும் திரை.

விரல் நுனியில் குத்தினேன்.
வெளியே சிரட்டைகள்
விடியலில் வெட்டிய பாலை
இன்னும் சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொண்டிருந்தன.
இவளுக்குச் சொட்டு வரவில்லை. அழுத்திப் பிடித்தேன்.
ஒன்பது புள்ளி நான்கு.
"சாளையும் முரிங்கையும் தின்னுட்டுத்தான் கெடக்கேன்" என்றாள்
எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் போல.

ரத்த அழுத்தம் மூன்று தடவை,
இடையிடையே ஐந்து நிமிடம்.
கைப்பட்டையைச் சுற்றும்போது பார்த்தேன்,
முழங்கைக்கு மேலே
மஞ்சளாகிக்கொண்டிருந்த ஒரு நீலத்தை.
இப்போது கேட்கக் கூடாது.
அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது, கடைசியில்.

கடைசிப் பகுதிக்கு ஒரு சட்டம் உண்டு:
அவளும் நானும் மட்டும்.
யாராவது வந்தால் வேறு கேள்விக்குத் தாவிவிடு என்று
நாகர்கோவிலில், ஏசி அறையில், சொல்லித்தந்தார்கள்.

சின்னவளை முற்றத்துக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.
சோறு கரிந்தால் கணவன் அடிப்பது நியாயமா?
சிரித்தாள்.
"எங்க வீட்டுல சோறு கரியாதுக்கா."
அடுத்த கேள்வியின் பாதியில்
பைக் வந்து நின்றது.
வில்பிரட். பால் வெட்டி, ஷீட் அடித்து,
கை முழுக்க ஆசிட் வாடை.
கதவைத் தட்டவில்லை; வீட்டுக்காரர்கள் தட்டுவதில்லை.

"தண்ணி எப்ப வரும் ஒங்களுக்கு?" என்றேன்.

ஷைலின் என் முகத்தைப் பார்த்தாள்.
"சனிக்கெழம ராத்திரி வரும்க்கா.
பத்து மணி ஆவும். கலங்கித்தான் வரும்.
வந்தா நிறுத்த முடியாது.
பாத்திரம் ஒடஞ்சாலும் ஒடையும்.
விடிஞ்சா தெளிஞ்சிரும்."

எத்தனை வருஷமாக?

"கெட்டிக்கொண்டு வந்த அன்னு தொட்டே."

வில்பிரட் நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.
"நமக்குக் கெணறு கெடக்குல்லா?
இவ யாரு வீட்டுத் தண்ணியச் சொல்லுகா?"
நல்ல சிரிப்பு அவனுக்கு.
அக்காவுக்குக் கட்டஞ்சாயா போடு என்றான்.
போட்டாள். சீனி சரியாக இருந்தது.

கருவி கேட்டது: தனிமை கிடைத்ததா?
இல்லை என்பதைத் தொட்டேன்.
மிச்சக் கேள்விகளை ஒரே தாவலில் கடந்து
நன்றி சொல்லும் பக்கத்துக்குப் போய்விட்டது.

எங்கள் கணக்கில் ஒரு வீடு ஒரு வீடல்ல.
ஷைலின் ஒரு வார்த்தை சொன்னால்
எண்ணூறு வாசல்கள் சொன்னதாக எடை போடுவார்கள்.
அந்த எண்ணூறையும் சாத்திவிட்டு
மேடேறி வந்தேன், எடைக்கருவியோடு.
சின்னவள் முற்றத்திலேயே நின்றிருந்தாள்.
பதினோரு கிலோ எழுநூறு.

குறிப்பு என்ற கட்டத்தில் மட்டும் எழுதியிருந்தேன்:
சனி இரவு நீர். மீண்டும் பார்க்கவும்.

செவ்வாயன்று மேற்பார்வையாளர் அழைத்தார்.
பதினேழில் ஒரு பிழை கிடக்கிறது,
குடிநீர் ஆதாரம் கிணறு என்றுதானே போட்டிருக்கிறீர்கள்,
கிணற்றுக்கு ஏது கிழமை?